தூரத்துக் கிளைக்கு ஒரு கேஷ்: வேகம் வந்தது, கூடவே பழைய பதிப்பும் வந்தது

பின்னணி

இயந்திரங்களைப் பராமரித்துக் கொடுக்கும் நிறுவனம். தலைமை அலுவலகம் ஓரிடத்தில், ஐந்து கிளைகள் வெகு தூரத்தில். டெக்னீஷியன்கள் வேலைக்குக் கிளம்பும் முன் அந்தந்த இயந்திரத்தின் கையேட்டைத் திறந்து பார்ப்பார்கள். கையேடுகள் எல்லாம் படம் நிறைந்த பிடிஎஃப் கோப்புகள், ஒவ்வொன்றும் 30 எம்பி பக்கம் வரும். இது போக, பழுதறியும் மென்பொருளுக்கு மாதம் ஒருமுறை 600 எம்பி அளவில் புதிய தொகுப்பு வெளியாகும். இவை எல்லாமே தலைமை அலுவலகத்தில் உள்ள இரண்டு சர்வர்களில் இருந்தன. கிளையில் யார் எதைத் திறந்தாலும் அங்கிருந்துதான் வந்தாக வேண்டும்.

இந்த ஆய்வு ஒரு கிளையில் கேஷ் வைத்ததைப் பற்றியது. கேஷ் என்றால், ஒருமுறை வந்த கோப்பின் பிரதியைப் பக்கத்திலேயே சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது. 40 கணினிகள், நொடிக்கு 20 மெகாபிட் லைன். தலைமை அலுவலகத்துக்கு ஒரு பாக்கெட் (தரவின் சிறு துண்டு) போய்த் திரும்ப 240 மில்லிநொடி. நெட்வொர்க் குழுவில் மூன்று பேர். இதை எழுதும் நான் அதில் ஒருவன். பெயர்களை விட்டுவிட்டேன், அளவுகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

வந்த புகார்

புகார் இரண்டு. கையேடு திறக்க இரண்டு நிமிடம் ஆகிறது என்பது ஒன்று. தொகுப்பு வெளியாகும் நாளில் காலையில் வேலையே ஓடவில்லை என்பது இன்னொன்று.

இரண்டாவது புகாருக்குப் பேப்பரில் கணக்குப் போட்டாலே போதும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆக 600 எம்பி என்றால் 4,800 மெகாபிட். 20 மெகாபிட் லைனில் ஒரு கணினிக்கு 240 நொடி. அதே கோப்பு 40 முறை வருகிறது, ஆக 160 நிமிடம். 9 மணிக்குத் தொடங்கினால் 11.40 வரை அந்த லைனில் வேறு எதற்கும் இடமில்லை. ஒரே கோப்பு, ஒரே கட்டடம், 24 ஜிபி போக்குவரத்து.

முதல் புகார்தான் புரியவில்லை. 30 எம்பி கோப்பு 20 மெகாபிட் லைனில் 12 நொடியில் வந்திருக்க வேண்டும். லைன் காலியாக இருக்கும் மதிய நேரத்திலும் 110 நொடி ஆனது.

லைனைப் பெரிதாக்கினோம்

இங்கே ஒரு தவறு நடந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அளந்து பார்க்காமல் லைனை 40 மெகாபிட்டாக்கச் சொன்னோம். மூன்று வாரம் கழித்து மாறியது. கையேடு திறக்க அப்போதும் 110 நொடிதான்.

அதற்கப்புறம்தான் வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தோம். கோப்பைப் பாக்கெட்டுகளாக அனுப்பிப் பெறும் விதிமுறை டிசிபி. அதில் கோப்பைப் பெறும் கணினி, 'என் பதிலுக்குக் காத்திருக்காமல் இவ்வளவு வரை அனுப்பலாம்' என்று ஓர் அளவைச் சொல்லும். அந்த அளவை எழுதப் பாக்கெட்டின் தலைப்பான ஹெடரில் உள்ள இடம் 16 பிட், அதாவது அதிகபட்சம் 65,535 பைட். நீண்ட தூரத்துக்கு இது பற்றாது என்பதால், இந்த எண்ணைப் பெருக்கிக் கொள்ளும் வழி ஒன்று 1992-இல் ஆர்எஃப்சி 1323 என்ற இணைய விதி ஆவணம் மூலம் வந்தது. இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டிலேயே இரு பக்கமும் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் தலைமை அலுவலகத்தில் இருந்த ஒரு பழைய ஃபயர்வால், தனக்குத் தெரியாத விருப்பக் குறிப்புகளையெல்லாம் அந்த முதல் பாக்கெட்டிலிருந்து வழித்து எறிந்து கொண்டிருந்தது.

ஆக 240 மில்லிநொடிக்கு ஒருமுறை 65,535 பைட். நொடிக்கு ஏறத்தாழ 273 கேபி. அந்த வேகத்தில் 30 எம்பி வர 110 நொடி. லைன் எத்தனை பெரிதானாலும் இந்தக் கணக்கில் அது வரவே வராது.

ஃபயர்வாலில் ஒரு விதியை மாற்றியதும் அதே கோப்பு 8 நொடியில் வந்தது. 40 மெகாபிட்டில் 6 நொடிதானே என்று கேட்கலாம். டிசிபி எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் போகாது. பத்துப் பாக்கெட்டில் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பாக்கும். 240 மில்லிநொடி ஒரு சுற்று என்றால் முழு வேகம் பிடிக்க ஏழு சுற்று, ஒன்றரை நொடிக்கு மேல்.

கேஷ் பற்றிய ஆய்வில் இது எதற்கு என்றால், இதைச் சரிசெய்யாமல் கேஷை வைத்திருந்தால் அந்த ஃபயர்வால் பிழை கண்ணில் படாமலேயே போயிருக்கும். எல்லாம் வேகமாகி விட்டதாக நினைத்திருப்போம். கேஷில் இல்லாத கோப்பைத் தொட்ட ஆள் மட்டும் 110 நொடி உட்கார்ந்திருப்பார்.

கேஷ் ஏன், எந்த வகை

ஃபயர்வால் சரியானதும் தனி ஆளுக்கு வேகம் வந்தது. ஆனால் 40 பேர் 40 முறை ஒரே கோப்பை இழுக்கும் பிரச்சினை அப்படியே இருந்தது. அதோடு 240 மில்லிநொடியைக் குறைக்க வழியில்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப மட்டும் 100 மில்லிநொடி. வழியில் உள்ள வளைவு நெளிவும் கருவிகளும் அதன் மேல் சேரும். புதிய இணைப்பில் டிசிபி-க்கு ஒரு சுற்று, மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் 1.3-க்கு ஒரு சுற்று, கோரிக்கைக்கு ஒரு சுற்று. முதல் பைட் கண்ணில் படவே 720 மில்லிநொடி. கோப்பு பக்கத்தில் இருந்தால் ஒழிய இது மாறாது.

நான்கு வழிகளைப் பேசினோம். எல்லாக் கோப்புகளையும் இரவோடு இரவாகக் கிளைக்குப் பிரதி எடுப்பது முதல் யோசனை. மொத்தம் 400 ஜிபி, கிளை தொடுவது அதில் கொஞ்சம்தான். எதைத் தொடும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. கோப்புகளைப் பல ஊர்களில் பிரதி வைத்துக் கொடுக்கும் சிடிஎன் சேவையை வெளியிலிருந்து எடுக்கலாம் என்றார் ஒருவர். சிடிஎன்-இன் நோடு எவ்வளவு அருகில் இருந்தாலும் கிளையின் லைனுக்கு வெளியேதான் இருக்கும். தொகுப்பு அப்போதும் அந்த லைனில் 40 முறை வரும். கிளையின் மொத்த இணையப் போக்குவரத்தையும் ப்ராக்ஸி என்ற ஓர் இடைநிலைச் சர்வர் வழியாக விடலாம் என்ற யோசனைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் டிஎல்எஸ்-இல் போகிறது, உள்ளே பார்க்காமல் எதையும் சேமிக்க முடியாது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் நம் பெட்டியை நம்ப வைக்கும் சொந்த ரூட் சான்றிதழை எல்லாக் கணினியிலும் ஏற்ற வேண்டும். ஊழியர்களின் வங்கிக் கணக்கு வரை நம் பெட்டி வழியாகத் திறந்து போகும். கையேடு சீக்கிரம் திறப்பதற்காக இதைச் செய்யக் கூடாது.

தேர்ந்தெடுத்தது நான்காவது வழி. கோப்புகளுக்கென்று தனியாக ஒரு ஹோஸ்ட் பெயர் (சர்வரின் பெயர்). கிளைக்குள், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் அந்தப் பெயருக்குக் கிளையில் உள்ள கேஷ் பெட்டியின் முகவரியைக் கொடுக்கும். மற்ற இடங்களில் தலைமை அலுவலக முகவரியைக் கொடுக்கும். பெட்டியில் ஸ்குவிட் என்ற கேஷ் மென்பொருள், ரிவர்ஸ் ப்ராக்ஸியாக, அதாவது மூல சர்வருக்கு முன்னால் நின்று அதன் சார்பில் பதில் சொல்வதாக. 1990-களிலிருந்து இருக்கும் மென்பொருள். குழுவில் இருவருக்கு அது பழக்கம், தேர்ந்தெடுக்க அதுவே காரணம். சான்றிதழின் தனிச்சாவி கிளையில் இருக்க வேண்டியிருக்கிறது என்பது உறுத்தல்தான். அந்தச் சாவி போனாலும் அந்த ஒரு பெயரோடு சேதம் நிற்கட்டும் என்றுதான் தனி ஹோஸ்ட் பெயர் வைத்தோம்.

எதைச் சேமிக்கலாம் என்பதில் கறாராக இருந்தோம். கையேடுகள், மென்பொருள் தொகுப்புகள், அவ்வளவுதான். வாடிக்கையாளர் அறிக்கைகள் இந்தப் பெயரிலேயே வராது, அவற்றுக்குச் சேமிக்காதே என்று சொல்லும் 'நோ-ஸ்டோர்' குறிப்பு. பொதுக் கேஷ் ஒன்றில் ஒருவருடைய அறிக்கை இன்னொருவருக்குப் போய்விட்டால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

பெட்டி வாங்க ஒப்புதல் கேட்ட கூட்டத்தில் நிதிப் பிரிவைச் சேர்ந்தவர், "கிளையில எவ்வளவு கேஷ் வைக்கப் போறீங்க?" என்று நிஜமாகவே பணத்தைத்தான் கேட்டார். "ஒரு டெராபைட்" என்றதும் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

முதல் வாரம்: 71 சதவீதம் என்ற பொய்

பெட்டி ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், கேஷிலிருந்தே கொடுத்த கோரிக்கைகள் 71 சதவீதம் என்று அறிக்கை காட்டியது. மகிழ்ச்சியாக இருந்தது. லைனில் போக்குவரத்து மட்டும் குறையவே இல்லை.

பெட்டியின் பதிவேடான லாக்கைத் திறந்தால் காரணம் வரிசையாக நின்றது. பட்டியல் பக்கத்தின் சின்னச் சின்னப் படங்கள், எழுத்துருக்கள், ஸ்டைல் கோப்புகள் எல்லாம் 'ஹிட்', கேஷிலேயே கிடைத்தவை. கையேடு ஒவ்வொன்றும் 'மிஸ்', கேஷில் கிடைக்காதவை. தொகுப்பும் 'மிஸ்'. கோரிக்கை எண்ணிக்கையில் 71 சதவீதம், பைட் கணக்கில் ஒன்றுமே இல்லை என்கிற நிலை.

ஸ்குவிட்டில் சேமிக்கக் கூடிய கோப்பின் உச்ச அளவு, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், 4 எம்பி. எங்கள் கையேடு 30 எம்பி. ஆவணத்தின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கிற விஷயம். அளவை 2 ஜிபி ஆக்கினோம், மறுநாளும் மாற்றமில்லை. அந்த வரி, வட்டில் எங்கே சேமிப்பது என்று சொல்லும் வரிக்குக் கீழே இருந்தது. மேலே தூக்கி வைத்ததும் வேலை செய்தது. அரை நாள் இதில் போயிற்று.

கையேடு இப்போது கேஷில் நின்றது. தொகுப்பு அப்போதும் நிற்கவில்லை. அப்டேட் செய்யும் நிரல் கோப்பை முழுதாகக் கேட்காமல் துண்டு துண்டாகக் கேட்டது, பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதற்காக. துண்டுக்கான பதில் எண் 206. அப்படி வரும் பதிலை ஸ்குவிட் தானாகச் சேமிக்காது. துண்டு கேட்டாலும் முழுக் கோப்பையும் இழுத்து வை என்று தொகுப்புப் பாதைக்கு மட்டும் சொன்னோம். கையேடுகளுக்கும் அப்படியே வைக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டோம். பிடிஎஃப் காட்டி சில சமயம் முதல் பக்கத்துக்கான துண்டை மட்டும் கேட்டு நிறுத்திக் கொள்ளும். அதற்கு 30 எம்பி இழுப்பது வீண்.

பழைய கையேடு

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை காலை கிளையிலிருந்து ஒரு டெக்னீஷியன் கூப்பிட்டார். கையில் சுற்றறிக்கை. ஓர் இயந்திரத்தின் போல்ட்டுகளை இறுக்க வேண்டிய முறுக்கு அளவு திருத்தப்பட்டிருக்கிறது, கையேட்டின் 7-ஆம் பதிப்பைப் பார்க்கவும் என்று அதில் இருந்தது.

"சார், நான் பார்க்கிறதுல கீழே 6-னுதான் போட்டிருக்கு."

தலைமை அலுவலகத்தில் நாங்கள் திறந்தால் 7. அவரிடம் 6. அவர் பக்கத்தின் அடியைப் பார்க்காமல் அட்டவணையை மட்டும் பார்த்துக் கிளம்பியிருந்தால் பழைய அளவில் இறுக்கிவிட்டு வந்திருப்பார். புதன்கிழமை முழுக்க யார் யார் அந்தக் கையேட்டைத் திறந்தார்கள் என்று லாக்கில் தேடினோம். ஒருவர் திறந்திருந்தார், ஆனால் வேலை வெள்ளிக்கிழமைக்குத்தான். அவரை உடனே கூப்பிட்டுச் சொன்னோம். நல்லவேளை என்பதைத் தவிர இதற்கு வேறு சொல் இல்லை.

நடந்தது இது. திங்கள்கிழமை மாலை யாரோ கையேட்டைத் திறக்க, 6-ஆம் பதிப்பு கேஷில் ஏறியது. செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்தில் அதே பெயரில் 7-ஆம் பதிப்பை மேலேற்றினார்கள். சர்வர் அந்தக் கோப்போடு அது எவ்வளவு நேரம் செல்லுபடியாகும் என்ற குறிப்பு எதையும் அனுப்பவில்லை, கடைசியாகத் திருத்திய தேதியை மட்டும் அனுப்பியது. அப்படி இருக்கும்போது கேஷ் தானாக ஊகிக்கலாம் என்று வலைப் பரிமாற்றத்துக்கான எச்டிடிபி விதியே அனுமதிக்கிறது. ஊகத்தின் அடிப்படை எளிது: நெடுநாள் மாறாத கோப்பு இன்னும் கொஞ்ச நாள் மாறாது. ஸ்குவிட்டின் வழக்கம், கோப்பின் வயதில் 20 சதவீதம், ஆனால் அதிகபட்சம் 4,320 நிமிடம். 6-ஆம் பதிப்பு 200 நாள் பழையது. 20 சதவீதம் 40 நாள். உச்ச வரம்பு அதை 3 நாளாகக் குறைத்தது. ஆக வியாழன் மாலை வரை அந்தப் பெட்டிக்கு 6-ஆம் பதிப்பு புத்தம் புதியது. தலைமை அலுவலகத்தை ஒரு வார்த்தை கேட்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

கேஷிலிருந்து அந்தக் கோப்பை நீக்கினோம். டெக்னீஷியன் மறுபடி திறந்தார். 6.

இதற்குத்தான் நாங்கள் தயாராக இல்லை. அவருடைய ப்ரவுசருக்குள்ளும் ஒரு கேஷ் இருக்கிறது, அதுவும் இதே போல ஊகிக்கிறது. ப்ரவுசர்கள் வழக்கமாக எடுப்பது 10 சதவீதம். 200 நாளுக்கு 20 நாள். பெட்டியில் கோப்பை நீக்கும் கட்டளை அவர் கணினி வரை போகாது, போகவும் வழியில்லை. 40 கணினிகளில் எது எதில் 6-ஆம் பதிப்பு ஒளிந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. கடைசியில் எல்லாருக்கும் தகவல் அனுப்பி, கன்ட்ரோலும் எஃப்5-உம் சேர்த்து அழுத்தச் சொன்னோம். 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9111 வரை படித்த பொறியாளர்கள் மூன்று பேர் சேர்ந்து, வியாழக்கிழமை மதியம் 40 பேரிடம் எஃப்5 அழுத்தச் சொல்லிக் கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ப்ரவுசர் ஊகம் எங்கள் பெட்டிக்கு முன்பே இருந்தது. இதற்கு முந்தைய திருத்தங்களிலும் யாராவது பழைய பதிப்பைப் பார்த்திருக்கலாம், யாரும் கவனிக்கவில்லை.

பெயரை மாற்றுவது என்ற முடிவு

உடனடிச் சிகிச்சை ஒன்று அன்று மாலையே நடந்தது, அது தப்பாகவும் போனது. சக பொறியாளர் எல்லாக் கோப்புக்கும் 'நோ-ஸ்டோர்' போட்டார். மறுநாள் கேஷ் பெட்டி வெறும் கல்லாக உட்கார்ந்திருந்தது. 'நோ-ஸ்டோர்' என்றால் சேமிக்கவே கூடாது. அவர் நினைத்தது 'நோ-கேஷ்'. அதன் பெயர்தான் குழப்பம்: சேமித்துக்கொள், ஆனால் கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் மூல சர்வரைக் கேள் என்பதே அதன் பொருள். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று ஒரு சின்னப் பதில் அனுப்பும், கோப்பு கேஷிலிருந்தே போகும்.

எல்லாவற்றுக்கும் 'நோ-கேஷ்' போட்டு முடித்துவிடலாம் என்று ஒரு கருத்து இருந்தது. பாதுகாப்பானது. ஆனால் ஒவ்வொரு திறப்புக்கும் 240 மில்லிநொடி, தொடர்பு அறுந்தால் கையேடே இல்லை. நாங்கள் தேர்ந்தது வேறு. மேலேற்றும்போதே ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பெயர். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷின் (கோப்பின் கைரேகை மாதிரி) முதல் சில எழுத்துகள் பெயரிலேயே இருக்கும். ஒரு எழுத்து திருத்தினாலும் பெயர் மாறிவிடும். அப்படிப்பட்ட கோப்புக்கு ஓராண்டு ஆயுள், அதாவது 'மேக்ஸ்-ஏஜ்' 31536000 நொடி, கூடவே மாறவே மாறாது என்று சொல்லும் 'இம்மியூட்டபிள்'. அந்தப் பெயரில் வேறு உள்ளடக்கம் வரவே வராது என்பதால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. எந்தக் கையேட்டுக்கு எது நடப்புப் பதிப்பு என்று சொல்லும் பட்டியல் பக்கம் மட்டும் 'நோ-கேஷ்'. அது 40 கேபி. மாறியிருந்தால் முழுதாக வந்தாலும் பெரிதாக ஒன்றும் போய்விடாது.

டெக்னீஷியன்கள் பழைய முகவரிகளை டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட்டாக வைத்திருந்தார்கள். அவற்றை நடப்புப் பதிப்புக்குத் திருப்பி விட்டோம். திருப்புவதற்கு 301 போடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். 301 நிரந்தரத் திருப்பல், கேஷ்கள் அதையும் சேமித்து வைக்கும். 8-ஆம் பதிப்பு வரும்போது ஷார்ட்கட் 7-க்கே போய் நிற்கும். தற்காலிகத் திருப்பலான 302 போட்டு, அதற்கும் 'நோ-கேஷ்'.

சர்வர் இரண்டு, அடையாளம் இரண்டு

பட்டியல் பக்கம் ஒவ்வொரு முறையும் முழுதாகவே வந்து கொண்டிருந்தது. 304 அரிதாகத்தான் தென்பட்டது. 40 கேபிதானே என்று விட்டிருக்கலாம். ஆனால் பெயர் மாற்றாத பழைய கையேடுகள் சில நூறு அப்போது 'நோ-கேஷ்' நிலையில் இருந்தன, அவையும் 30 எம்பி முழுதாக வந்தன.

தலைமை அலுவலகத்தில் உள்ள இரண்டு சர்வர்களும் மாற்றி மாற்றிப் பதில் சொல்லும். கோப்பு மாறியதா என்று பார்க்கும் அடையாளம் 'ஈ-டேக்'. இவற்றில் ஓடியது பழைய அப்பாச்சி சர்வர் மென்பொருள், அதன் 2.2 பதிப்பு வரை அந்த அடையாளத்தில் கோப்பின் ஐநோடு எண்ணும் சேரும். வட்டில் கோப்பைப் பற்றிய பதிவுக்கான எண் அது. இரண்டு வட்டில் ஒரே எண் வருமா? முதல் சர்வர் கொடுத்த அடையாளத்தைக் காட்டிக் கேட்டால், இரண்டாவது சர்வர் 'இது என்னுடையது இல்லை' என்று முழுக் கோப்பையும் அனுப்பியது. ஐநோடை விலக்கினோம். அப்போதும் பாதி சரியாகவில்லை. இரண்டாவது சர்வருக்குக் கோப்பைப் பிரதி எடுத்த ஸ்கிரிப்ட் திருத்திய நேரத்தைக் காப்பாற்றாமல் விட்டிருந்தது. அதில் ஒரு சிறு மாற்றம் செய்த பிறகு 304 ஒழுங்காக வந்தது.

காலை 9 மணி

அடுத்த தொகுப்பு வெளியான நாள். கேஷ் இருக்கிறது, அளவு சரி, துண்டுப் பிரச்சினை சரி. நாங்கள் காபி எடுத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்க்க உட்கார்ந்தோம். 9 மணிக்கு லைன் நிரம்பியது.

40 கணினிகளும் ஒரே நிமிடத்தில் கேட்டன. கேஷில் கோப்பு இன்னும் இல்லை. முதல் பிரதி வந்து சேர இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் பெட்டி 'இல்லையே' என்று தலைமை அலுவலகத்துக்குத் தள்ளியது. ஆக 40 இழுவைகள் இணையாக, ஒவ்வொன்றும் மற்றதை மெதுவாக்கிக் கொண்டு. கேஷ் இல்லாத காலத்தில் நடந்ததேதான்.

ஒரே கோப்புக்கான கோரிக்கைகளைச் சேர்த்து, ஒன்றை மட்டும் மேலே அனுப்பி, மற்றவற்றைக் காக்க வைக்கும் வசதி ஸ்குவிட்டில் உண்டு. நாம் சொன்னால்தான் இயங்கும். சொன்னோம். தொகுப்பு வெளியாகும் நாள் முன்பே தெரியும் என்பதால், அதிகாலை 2 மணிக்குக் கிளையிலிருந்தே அதை ஒருமுறை கேட்கும் சின்ன ஸ்கிரிப்டும் போட்டோம். எல்லாவற்றையும் இரவில் பிரதி எடுப்பது வேண்டாம் என்று முன்னர் தள்ளிய யோசனை, இந்த ஒரு கோப்புக்கு மட்டும் திரும்பி வந்தது. அப்டேட் நிரலும் 9 மணிக்கு என்றில்லாமல் அரை மணிக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் தொடங்கும்படி மாறியது.

லைன் அறுந்த நாள்

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கிளையின் லைன் இரண்டு மணி நேரம் போயிற்று. கேஷில் கையேடுகள் இருந்தன, ஆனால் ஒருவராலும் திறக்க முடியவில்லை. கையேட்டுக்குப் போகும் வழி பட்டியல் பக்கம், அது 'நோ-கேஷ்', கேட்காமல் கொடுக்கக் கூடாது, கேட்க லைன் இல்லை. எல்லாச் சாமானும் உள்ளே இருக்க, சாவி மட்டும் வெளியூரில்.

2010-இல் வந்த ஆர்எஃப்சி 5861 இதற்கு ஒரு குறிப்பைத் தருகிறது: 'ஸ்டேல்-இஃப்-எரர்'. மூல சர்வர் எட்டாவிட்டால் இத்தனை நொடி வரை பழைய பிரதியைக் கொடுக்கலாம். எத்தனை நொடி என்று எழுத வேண்டிய இடத்தில் நாங்கள் மூவரும் நின்றோம். பழைய முறுக்கு அளவின் கதை எல்லாருக்கும் நினைவிருந்தது. அந்தக் கேள்வியைப் பராமரிப்புப் பிரிவின் மேலாளரிடம் கொண்டு போனோம். லைன் போன நேரத்தில் ஒரு டெக்னீஷியன் முந்தின நாள் பட்டியலைப் பார்த்தால் பரவாயில்லையா என்று கேட்டோம். அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை. "ஒரு நாள் பரவாயில்ல. திருத்தம் வந்தா சுற்றறிக்கையும் போகுது. ரெண்டாவது நாள்னா திறக்கவே கூடாது."

அப்படியே எழுதினோம்: 'நோ-கேஷ்' போய், 'மேக்ஸ்-ஏஜ்' 60 நொடி, 'ஸ்டேல்-இஃப்-எரர்' 86400 நொடி, அதாவது ஒரு நாள்.

விளைவு

கேஷில் உள்ள கையேடு ஒரு நொடிக்குள் திறக்கிறது; கட்டடத்துக்குள் ஜிகாபிட் கேபிள், 30 எம்பி-க்குக் கால் நொடி. தொகுப்பு லைனில் வருவது 24 ஜிபி அல்ல, 600 எம்பி, அதுவும் 2 மணிக்கு, எல்லாரும் தூங்கும்போது. லைனை அடுத்த ஒப்பந்தத்தில் மறுபடி 20 மெகாபிட்டுக்கே இறக்கினோம். பழைய பதிப்புப் புகார் அதற்குப் பிறகு வரவில்லை. வரவில்லை என்பதை நம்பிச் சும்மா இருக்காமல், மாதம் ஒருமுறை கிளையில் ஒரு கணினியிலிருந்து எல்லாக் கையேட்டையும் கேட்டு, வந்த கோப்பின் ஹாஷைத் தலைமை அலுவலகத்தோடு ஒப்பிடுகிறோம்.

மற்ற நான்கு கிளைகளில் மூன்றுக்கு இதே பெட்டி போயிற்று. நான்காவதில் வைத்து எடுத்துவிட்டோம். அங்கே நான்கு பேர்தான், நால்வரும் வேறு வேறு இயந்திரங்களுக்குப் போகிறவர்கள். ஒருவர் திறந்த கையேட்டை இன்னொருவர் தொடுவதே இல்லை. கேஷ் இரண்டாவது ஆளுக்குத்தான் உதவும். முதல் ஆள் எப்போதும் லைனை நம்பித்தான். அங்கே எல்லாருமே முதல் ஆள். ஃபயர்வால் சரியானதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

மறுபடி செய்தால்

லைனுக்குப் பணம் கேட்கும் முன் பாக்கெட்டைப் பிடித்துப் பார்ப்போம். கேஷ் வேலை செய்கிறதா என்பதை முதல் நாளிலிருந்தே பைட் கணக்கில் பார்ப்போம், கோரிக்கை எண்ணிக்கையில் அல்ல. பெட்டியை வைப்பதற்கு முன் மூல சர்வரின் ஹெடர்களைத் திருத்துவோம். நாங்கள் செய்தது தலைகீழ்: ஆயுளே எழுதாத கோப்புகளின் முன்னால் ஊகிக்கும் பெட்டியைக் கொண்டு வந்து நிறுத்தினோம்.

பராமரிப்பு மேலாளரிடம் கேட்ட அந்தக் கேள்வியை எட்டாவது மாதம் கேட்டிருக்கக் கூடாது, முதல் வாரம் கேட்டிருக்க வேண்டும். ஒரு கோப்பு எவ்வளவு பழசாக இருந்தால் பரவாயில்லை என்பது கோப்பை எழுதியவருக்குத் தெரியும். 4,320 நிமிடம் என்று முடிவு செய்தது ஸ்குவிட், அதை முடிவு செய்ய விட்டது நாங்கள். இப்போது புதிய வகைக் கோப்பு எது வந்தாலும் ஓர் அட்டவணையில் சேர்க்கிறோம். கோப்பின் வகை, யார் பொறுப்பு, எத்தனை பழசு பரவாயில்லை, லைன் இல்லாவிட்டால் எத்தனை பழசு பரவாயில்லை என்று நான்கு கட்டம். கையேடு, தொகுப்பு, பட்டியல் பக்கம், படிவங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. பயிற்சி வீடியோக்களுக்கான வரியில் 'யார் பொறுப்பு' என்ற கட்டம் மட்டும் ஆறு வாரமாகக் காலியாக இருக்கிறது. அதுவரை அவற்றைக் கேஷில் விடவில்லை. வீடியோ பார்க்கிறவர்கள் காத்திருக்கிறார்கள்.